பேர் தெரியாத நெறிகட்டி

ஸ்ரீவில்லிபுத்தூர்
9.6.2024

கிருபா,

என் நம்பரை நீ பிளாக் பண்ணிட்டது தெரிஞ்சுபோச்சு. எம்மக அல்ஃபியா போன்ல இருந்து கூப்பிட்டேன். அம்மா குரல் கேட்டதும் கட் பண்ணிட்டாங்கன்னு எம்மக சிரிக்கா. சரி, கடுதாசி எழுதுறேன். தபால்காரரை நீ பிளாக் பண்ண முடியாதுல்ல. பள்ளிக்கூடம் விட்ட பொறவு நான் இப்படி உக்காந்து எழுதினதே இல்ல. பிழை இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்க.

உன் வீட்டுக்காரரு காமராஜ் அண்ணன்கிட்ட நான் சொன்னது தப்புன்னு எழுத மாட்டேன். அதை முதல்லயே சொல்லிடுறேன்.

முத்தாத்தாள் மக கல்யாணத்துல, கைகழுவுற இடத்துல வச்சு நீதான முந்தானையை விலக்கி என் கையைப் பிடிச்சு உன் கழுத்துல வச்ச? "தொட்டுப் பாருட்டி"ன்ன. காதுக்குக் கீழ ஒண்ணு, அதுக்குக் கீழ ஒட்டின மாதிரி ரெண்டு, கழுத்தெலும்புக்கு மேல ஒண்ணு. கொண்டைக்கடலை கணக்கா உருண்டுச்சு. சித்திரையில இருந்து இருக்குன்ன. ராத்திரியானா காய்ச்சல் அடிக்குன்ன. டாக்டர்கிட்ட காட்டுனியான்னா, "எக்ஸ்போர்ட் ஆர்டர் முடியட்டும், ஷெரினைக் காலேஜ்ல சேர்த்துட்டுப் பாப்போம்"ன்ன. பொறவு, "யார்கிட்டயும் சொல்லிறாத, சத்தியம் பண்ணு"ன்ன. நான் சத்தியம் பண்ணல. தலையைத்தான் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்தும் என் விரல்ல அந்தக் கட்டி உருண்டுகிட்டே இருந்துச்சு. மாவு பிசைஞ்சாலும் அதுதான், துணியில பட்டன் தச்சாலும் அதுதான். தாங்க முடியல. அண்ணனுக்குப் போன் போட்டேன். அம்புட்டுதான் நடந்தது.

டாக்டர் என்ன சொன்னாரு? அதை மட்டும் எழுது. திட்டணும்னா அதையும் சேர்த்து எழுது.

நூர்னிசா


ராஜபாளையம்
20.6.2024

நூர்னிசாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டிருக்கிறாய். வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்.

நீ போன் செய்தபோது அவர் வேனில் லோடு ஏற்றிக்கொண்டு கோவில்பட்டியில் நின்றிருக்கிறார். அங்கிருந்தே அவர் அம்மாவுக்குச் சொல்லிவிட்டார். அத்தை பெரிய மகனுக்குச் சொல்லிவிட்டார்கள். நான் கம்பெனியில் இருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது வீட்டில் இருந்த எல்லோரும் என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அத்தை பார்த்ததும் "கண்டமாலை" என்றார்கள். அவர்கள் பிறந்த வீட்டில் ஒருவருக்குக் கழுத்தில் இப்படி நெறி கட்டி, உடைந்து, சீழ் வடிந்து இறந்தாராம். மறுநாளே கூமாப்பட்டி நாட்டு வைத்தியரிடம் கூட்டிப்போய்ப் பச்சிலைப் பத்துப் போட்டார்கள். தோல் வெந்து கொப்பளம் வந்ததுதான் மிச்சம்.

பிறகுதான் டாக்டர். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், கட்டியில் ஊசி விட்டு உறிஞ்சி டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் 'ரியாக்டிவ்' என்று இருந்தது. அர்த்தம் கேட்டேன். "உடம்பு எதையோ எதிர்த்துப் போராடுதும்மா, அதனால வீங்கியிருக்கு" என்றார். எதை என்று கேட்டேன். "அது இதுல தெரியாது" என்றார்.

இப்போது எனக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் வெளியே குழாயடியில் இருக்கிறது. ஷெரின் அவள் ஆச்சியோடு படுக்கிறாள். கம்பெனிக்கும் சேதி போய்விட்டது. "ஆஸ்பத்திரிக்குப் போற பேண்டேஜ் சரக்கும்மா. டிபி இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வா, அதுவரைக்கும் வீட்ல இரு" என்று முதலாளி சொல்லிவிட்டார். நீ அங்கே வேலை பார்த்த காலத்தில் இருந்து நான் சூப்பர்வைசராக நின்ற பேக்கிங் டேபிளில் வேறு ஒருத்தி நிற்கிறாள்.

டிபி என்று யாரும் எழுதித் தரவில்லை. இல்லை என்றும் யாரும் எழுதித் தர மாட்டேன் என்கிறார்கள்.

நீ தலையாட்டியதை நான் நம்பினேன். இனி எழுதாதே.

கிருபாபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
24.6.2024

கிருபா,

எழுதாதேன்னு சொல்றதுக்கு ரெண்டு பக்கம் எழுதியிருக்க. அதுவும் பள்ளிக்கூட டீச்சர் மாதிரி. எம்புட்டுக் கோவம்னு அதுலயே தெரிஞ்சுபோச்சு.

தட்டு விஷயத்தைப் படிச்சதும் எங்க வீட்டுக்காரருகிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். அவிய படிச்சிட்டு கடைக்குக்கூடப் போகாம செத்த நேரம் உக்காந்திருந்தாக. உடனே, காதர் அண்ணன்கிட்டயும் சொல்லிட்டியான்னு கேப்ப. ஆமா, சொல்லிட்டேன். எனக்கு மனசுக்குள்ள வச்சுக்கத் தெரியாது. இது தெரிஞ்சுதான என்கிட்ட காட்டின? பேக்கிங்ல எத்தனை பேரு உன்கூட வேலை பாத்தாளுக. வாயைத் திறக்காதவளா பாத்து ஒருத்திகிட்ட காட்டியிருக்கலாம்ல.

கம்பெனி விஷயம் நான் நினைச்சுப் பாக்காதது. அதுக்கு மட்டும் எனக்கு வருத்தம். அதுக்கு மட்டும்தான்.

இப்ப நடக்க வேண்டியதைக் கேளு. அவிய சித்தப்பா மகன் ஜபருல்லா மதுரையில ஒரு ஆஸ்பத்திரி லேப்ல இருக்கான். அவன்கிட்ட விசாரிச்சேன். "ஊசி டெஸ்ட்ல கொஞ்சூண்டுதான் வரும் மதினி, சில நேரம் ஒண்ணும் பிடிபடாது. ஒரு கட்டியை முழுசா வெட்டி எடுத்துப் பாத்தாத்தான் சொல்ல முடியும்"ங்கான். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் பண்ணுவாங்களாம். யூடியூப்ல பாத்தேன். பாக்காம இருந்திருக்கலாம். கழுத்துல கட்டின்னு போட்டா என்னென்னமோ வருது. ஒருத்தன் வெங்காயச் சாறுங்கான், அடுத்தவன் ஆறு மாசம்தான்ங்கான்.

வா, மதுரைக்குப் போவோம். வீட்ல யார்கிட்டயும் நான் பேசல. உன்கிட்டதான் கேக்கேன்.

நூரு


ராஜபாளையம்
17.7.2024

நூர்னிசா,

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. பகல் முழுக்க வீட்டில் சும்மா இருக்கிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது. இதைக் காதர் அண்ணனிடம் காட்டாதே.

இரண்டு டாக்டர், இரண்டு பேச்சு. முதலில் பார்த்த கிளினிக் டாக்டர், "நம்ம ஊர்ல இப்படி நெறி கட்டினா பெரும்பாலும் டிபிதான். மாத்திரையைத் தொடங்கிடலாம்" என்கிறார். பெரியாஸ்பத்திரியில் அதே ஊசி விட்டு எடுத்த தண்ணீரை மெஷினில் போட்டுப் பார்த்துவிட்டு, "கிருமி எதுவும் தெரியலை. ஆதாரம் இல்லாம ஆறு மாச மாத்திரை எதுக்கு? கட்டியை எடுத்துப் பாருங்க" என்கிறார்கள். நீ சொன்னதைத்தான் அவர்களும் சொல்கிறார்கள். அதற்காகச் சந்தோஷப்படாதே.

என் வீட்டுக்காரருக்கு நான் மாத்திரை போட்டுவிட வேண்டும். "எதுக்கும் போட்டு வைப்போம். கொறைஞ்சா டிபி. கொறையலைன்னா வேற என்னன்னு பாப்போம்" என்கிறார்.

"வேற என்னன்னா என்ன?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து வேனைத் துடைக்கப் போய்விட்டார். வேன் சுத்தமாகத்தான் இருந்தது.

அத்தைக்கும் மாத்திரைதான் வேண்டும். டிபி என்று ஒரு பேராவது இருந்தால் கேட்கிறவர்களுக்குச் சொல்லிக்கொள்ளலாமாம். சபையில் பாஸ்டர் என் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணினார். 'பெயர் அறியாத வியாதியிலிருந்து' என்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வாரம் நான் போகவில்லை.

ஷெரின் ஒருநாள் சாயங்காலம் நிலைப்படியில் நின்றுகொண்டு கேட்டாள். "அம்மா, கேன்சரா?"

"தெரியல."

"தெரியலைன்னா என்ன அர்த்தம்?"

"தெரியலைன்னுதான் அர்த்தம்."

அவள் அங்கேயே, வாசலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வரவில்லை. எழுந்து போகவும் இல்லை.

காலையில் கண் விழித்ததும் கை கழுத்துக்குத்தான் போகிறது. பெருசாச்சா, சின்னதாச்சா என்று தடவித் தடவியே அந்த இடம் வலிக்கிறது. ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. நீதான் தைத்தாய், உனக்கே அளவு தெரியாது இப்போது.

கட்டியை எடுக்கச் சொல்கிறாய். எடுத்தால் தெரிந்துவிடும். அதற்கும் பயமாக இருக்கிறது நூரு. தெரியாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது. இன்றைக்கு எந்தப் பயம் பெரியது என்று பார்த்துத்தான் நாளைத் தொடங்குகிறேன்.

கிருபா


ஸ்ரீவில்லிபுத்தூர்
9.8.2024

கிருபா,

நேத்து உங்க வீட்டுக்கு வந்தேன். சொல்லியிருப்பாகளோ என்னவோ.

முன்னாடியே வந்திருப்பேன். ஆடிப்பூரத்துக்கு எங்க தெருப் பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் ஜாக்கெட் கொண்டாந்து குமிச்சுட்டாளுக. தேரன்னைக்கு பஸ்ஸை எல்லாம் சுத்தி விட்டுட்டாங்க. அதான் தேர் நிலைக்கு வந்த மறுநாள் கிளம்பினேன்.

உங்க அத்தை வாசல்லயே நின்னாக. "அவ தூங்குதா"ன்னாக. உன் செருப்பு கிடந்துச்சு. ஜன்னல் துணி ஆடுச்சு. காத்தா, நீயான்னு தெரியல. வெயில்ல செத்த நேரம் நின்னு பாத்தேன். உள்ள வான்னு சொல்லுவாகன்னு நினைச்சேன். சொல்லல. திரும்பிட்டேன்.

எனக்கு ஒண்ணும் கோவம் இல்லன்னு எழுதினா பொய். பஸ்ல வாற வழி பூரா உன்னைத் திட்டிக்கிட்டுதான் வந்தேன். வாயை மூடித்தான் திட்டினேன், ஆனா பக்கத்துல இருந்த அம்மா தள்ளி உக்காந்துருச்சு.

இனி வர மாட்டேன். இழுத்துக்கிட்டுப் போற மாதிரி இருக்கக் கூடாது. ஜபருல்லாகிட்ட கேட்டு அந்த டாக்டர் பேரு, எந்தக் கிழமை பாப்பாரு, எந்த வாசல் வழியாப் போகணும் எல்லாம் இதுக்குப் பின்பக்கம் எழுதியிருக்கேன். நீ அண்ணனோட போனாலும் சரி, தனியாப் போனாலும் சரி. நான் கூட வரணும்னு இல்ல.

போகாம மட்டும் இருந்துறாத.

நூர்னிசா


ராஜபாளையம்
12.8.2024

நூரு,

நான் தூங்கல. ஜன்னல்கிட்டதான் நின்னேன்.

எல்லாம் பார்த்தேன். நீ வெயில்ல நின்னதைப் பார்த்தேன். அத்தைகிட்ட தண்ணி கேட்ட. அவிய உள்ள போனதும் குழாயடியில கவுந்து கிடந்த என் டம்ளரை எடுத்துத் தண்ணி பிடிச்சுக் குடிச்ச. அத்தை சொம்போட வந்து, "ஐயோ, அது அவளுதுல்லா!"ன்னாக. "தெரியும், அதான் குடிக்கேன்"ன்னு சொல்லி இன்னொரு டம்ளர் பிடிச்சுக் குடிச்ச. வாயைத் துடைச்சிட்டு டம்ளரை இருந்த மாதிரியே கவுத்தி வச்ச. அத்தை அந்தச் சொம்பைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னாக.

எல்லாத்தையும் ஊருக்கே சொல்றவ, இதை மட்டும் ஏன் எழுதல?

நான் வெளிய வந்திருக்கணும். கால் வரல. உன்னைப் பார்த்தா அழுதுருவேன், அழுதா அத்தை முன்னாடி அழுத மாதிரி ஆயிரும்னு நின்னுட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லிட்டேன். மாத்திரை வேண்டாம், கட்டியை எடுத்துப் பாக்கப் போறேன்னேன். "சரி, நான் லீவு சொல்லிட்டு வாரேன்"னாக. "நீங்க இருந்து ஷெரினைப் பாருங்க, நூருகூடப் போறேன்"னேன். அவிய மூஞ்சி சின்னதாயிருச்சு. ஆனா அவிய வந்தாலும் எங்க அக்கா வந்தாலும், 'ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க'ன்னு நான்தான் அவங்களுக்குத் தைரியம் சொல்லிக்கிட்டு இருக்கணும். அதுக்கு எனக்கு இப்ப தெம்பு இல்ல. உனக்கு நான் தைரியம் சொல்ல வேண்டியது இல்ல. உன்னைத் திட்டிக்கிட்டே வரலாம்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ல வாரேன். உங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல ஏறிக்க. ஜன்னல் சீட்டு எனக்கு. யூடியூப்ல பார்த்த எதையும் வழியில பேசக் கூடாது.

மன்னிச்சுட்டேன்னு இதுக்கு அர்த்தம் இல்ல.

கிருபா


ஸ்ரீவில்லிபுத்தூர்
29.8.2024

கிருபா,

தையல் பிரிச்ச இடம் எப்படி இருக்கு? தண்ணி படாமப் பாத்துக்க. மஞ்சள் கிஞ்சள் தடவுறேன்னு யாரும் வந்தா விடாத.

ஆபரேஷனுக்கு உள்ள போகும்போது கம்மலைக் கழட்டி என் கையில குடுத்து, "ஷெரினுக்கு"ன்ன பாரு. "வந்து நீயே மாட்டிக்க, எனக்கு வேற வேலை இருக்கு"ன்னு சொல்லிட்டேன். எனக்கு என்ன வேலை? வெளிய பெஞ்சுல உக்காந்து அந்தக் கம்மலை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்ததுதான் வேலை. திருகு குத்தின தடம் கையில இருந்துச்சு.

ரிப்போர்ட் வாரதுக்கு ஏன் லேட் ஆகுதுன்னு, என் நம்பரை பிளாக்ல இருந்து எடுத்துட்டுப் போன்ல கேட்டிருந்த. எடுத்த கட்டியில கூடுதலா வேற சாயம் எல்லாம் போட்டுப் பாக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாராம். லேட் ஆனா கெட்ட சேதின்னு அர்த்தம் இல்லையாம். நல்ல சேதின்னும் அர்த்தம் இல்லையாம்.

ஒண்ணு சொல்லணும். நேத்து ஜபருல்லாவுக்குப் போன் போட்டு, "கிருபா ரிப்போர்ட் வந்துருச்சால?"ன்னு கேட்டேன்.

"பேஷன்ட் நீங்களா மதினி?"ங்கான்.

"சும்மா சொல்லுல, எனக்கு மட்டும்."

"அவங்க வந்தா டாக்டர் அவங்ககிட்ட சொல்லுவாரு. உங்ககிட்ட சொல்ல மாட்டேன்"னு வச்சிட்டான்.

எம்புட்டு மரியாதை கெட்ட பய பாரு. பொறவு தையல் மிஷின்ல உக்காந்து யோசிச்சேன். அவன் மட்டும் சொல்லியிருந்தா, உனக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிருக்கும். அதை வச்சுக்கிட்டு நான் என்ன செஞ்சிருப்பேன்? சாயங்காலம் காமராஜ் அண்ணன் போன் பண்ணி, "உனக்கு ஏதும் தெரியுமாம்மா? தெரிஞ்சா மறைக்காத"ன்னாக. "சத்தியமாத் தெரியாதுண்ணே"ன்னேன். உண்மையிலேயே தெரியாததால சத்தியம் பண்ண லேசா இருந்துச்சு.

அண்ணன் குரல் சரியில்ல கிருபா. ரிப்போர்ட் வாங்க நீ அவியளைக் கூட்டிட்டுப் போ.

நூரு


ராஜபாளையம்
8.9.2024

நூரு,

கேன்சர் இல்ல. டிபியும் இல்ல.

இதைப் போன்லயே சொல்லிட்டேன், தெரியும். போன்ல நீ போட்ட சத்தத்துல மிச்சத்தைச் சொல்ல முடியல. அதான் எழுதுறேன்.

நீ சொன்ன மாதிரி அவியளைத்தான் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் ஒரு பேரு சொன்னாரு, கிக்குச்சின்னு. ஜப்பான்காரர் ஒருத்தர் கண்டுபிடிச்சதால அவர் பேராம். எனக்குக் கிச்சுக்கிச்சுன்னு கேட்டுச்சு. சிரிச்சுட்டேன். டாக்டரும் சிரிச்சாரு. அவிய மட்டும் சிரிக்கல.

"ஏன் வந்துச்சு?"ன்னு கேட்டாக.

"ஏதாவது வைரஸ் காய்ச்சலுக்குப் பின்னால வரலாம்னு நினைக்கிறாங்க. உறுதியா யாருக்கும் தெரியாது."

"மருந்து?"

"காய்ச்சலுக்கும் வலிக்கும் மாத்திரை தாரேன். கட்டி தானா வத்திரும். சில மாசம் ஆகும்."

"திரும்ப வருமா டாக்டர்?"

"சிலருக்கு வரும். சிலருக்குப் பிற்பாடு லூபஸ்னு வேற ஒரு பிரச்சினை சேர்ந்து வரலாம். அதனால அப்பப்ப வந்து ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கணும்."

வெளிய வந்ததும் அவிய, "அம்புட்டுதானா?"ன்னாக. சந்தோஷப்படணுமா வேண்டாமான்னு அவியளுக்குத் தெரியல. எனக்கும்தான். கேன்சர் இல்லைன்னு கேட்டதும் துள்ளிக் குதிப்பேன்னு நினைச்சிருந்தேன். பசிதான் எடுத்துச்சு. பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பேரும் புரோட்டா சாப்பிட்டோம். அவிய சாப்பிட்டுக்கிட்டே கண்ணைத் துடைச்சாக. சால்னா காரம்னாக.

அத்தைக்குத் திருப்தி இல்ல. "மருந்தே இல்லைங்கான்னா அது என்னத்த சீக்கு?"ங்காக. நான் குழாயடியில இருந்த தட்டையும் டம்ளரையும் கழுவி எடுத்துட்டு வந்து மத்த பாத்திரத்தோட கவுத்தினேன். அத்தை பார்த்துக்கிட்டே இருந்தாக. நேத்து மத்தியானம் அந்தத் தட்டுலதான் சோறு போட்டுச் சாப்பிட்டாக. தெரிஞ்சா, தெரியாமலான்னு நான் கேக்கல.

தொத்து நோய் இல்லைன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு. கம்பெனியில திரும்பச் சேர்த்துக்கிட்டாங்க. ஆனா பேக்கிங் இல்ல, கட்டிங்ல போட்டிருக்காங்க. சூப்பர்வைசரும் இல்ல. நாளைக்குப் போறேன்.

உன்னைப் பத்தி யோசிச்சேன். நீ சொல்லாம இருந்திருந்தா நான் இன்னமும் ஆர்டர் முடியட்டும்னுதான் இருந்திருப்பேன். நீ சொன்னதாலதான் என் டேபிள் போச்சு. ரெண்டும் நிஜம் நூரு. ஒண்ணை வச்சு இன்னொண்ணை இல்லைன்னு ஆக்க எனக்குத் தெரியல. அப்படியே இருக்கட்டும்.

கிருபா


ஸ்ரீவில்லிபுத்தூர்
15.9.2024

கிருபா,

உன் கடுதாசியைத் தையல் கடையில வச்சுப் படிச்சேன். அளவு குடுக்க வந்த புள்ள நான் அழுறதைப் பாத்துட்டு நாளைக்கு வாரேன்னு ஓடிருச்சு.

சொன்னது தப்புன்னு இப்பவும் எழுத மாட்டேன். ஆனா உன் முதுகுக்குப் பின்னால சொன்னதுக்குப் பதிலா, உன் மூஞ்சிக்கு நேரா, "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"ன்னு கேட்டிருக்கலாம். நீ என்னை அடிச்சிருப்ப. அடிச்சிருந்தாலும் உன் வாயால நீயே சொன்ன மாதிரி ஆயிருக்கும்.

கட்டிங்ல இருக்கும்போது கத்தியைப் பாத்து. அந்த மெஷின் பக்கத்துல முந்தானையைச் சொருகிக்க.

ஜாக்கெட்டை எல்லாம் குடுத்து விடு. பிடிச்சுத் தாரேன். முழுசா வெட்டிற மாட்டேன், உள்ள மடிச்சுத்தான் தைப்பேன். நீ மறுபடியும் உடம்பு வைக்கணும்ல.

நூரு


ராஜபாளையம்
1.12.2024

நூரு,

போன்லதான் தினமும் பேசுறோமே, கடுதாசி எதுக்குன்னு கேப்ப. போன்ல நீ என்னைப் பேச விட மாட்ட. இதை நான் நிறுத்தாம ஒரே மூச்சாச் சொல்லணும்.

தீபாவளிக்கு முன்னாடியே கட்டி எல்லாம் வத்திருச்சுன்னு உனக்குத் தெரியும். காய்ச்சல் இல்ல. சோறு நல்லா இறங்குது. கட்டிங் செக்‌ஷன்ல அந்தப் புள்ளைகளோட பழகிட்டேன். காலையில கண் முழிச்சதும் கை கழுத்துக்குப் போறதும் நின்னுருந்துச்சு.

போன ஞாயித்துக்கிழமை தலைக்குக் குளிச்சிட்டு முடி உணத்தும்போது வலது பக்கம், காதுக்குப் பின்னால ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. சின்னது. பச்சைப்பயறு அளவுதான். வெடுக்குன்னு கையை எடுத்துட்டேன். பொறவு திரும்பத் தொட்டுப் பார்த்தேன். இருந்துச்சு. ஈரத்தலையோட செத்த நேரம் மொட்டைமாடியில உக்காந்திருந்தேன். சஞ்சீவி மலைப் பக்கம் மேகம் கட்டிக்கிட்டு வந்துச்சு. கொடியில இருந்த துணியை எடுத்துக்கிட்டுக் கீழ இறங்கினேன்.

எல்லாரும் சாப்பிட உக்காந்திருந்தாக. "எனக்கு இன்னொண்ணு வந்திருக்கு"ன்னேன்.

அத்தை அப்படியே என்னைப் பார்த்தாக. அவிய எந்திரிச்சுப் போயிட்டாக. வேனைத் துடைக்கத்தான் போறாகன்னு நினைச்சேன். கையைக் கழுவிட்டு வந்து, "எங்க, காட்டு"ன்னாக. இம்புட்டு மாசத்துல அவிய அதைத் தொட்டதே இல்ல நூரு. ரிப்போர்ட்டைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பாக. விரலை வச்சு மெதுவா அமுக்கிப் பார்த்தாக.

"வலிக்கா?"

"லேசா."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும் இருக்கு"ன்னாக. அத்தையும் ஷெரினும் இருக்கும்போதே சொன்னாக.

ஷெரினும் வந்து தொட்டுப் பார்த்தா. "மழை பெய்யுதுல்ல, சளியா இருக்கும்மா"ன்னா.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்"னேன்.

"சரி, தெரியும்போது தெரியட்டும். ரசம் ஊத்து"ன்னு என் பக்கத்துலயே உக்காந்துட்டா. ஊத்தினேன். அவிய திரும்பக் கையை நனைச்சுட்டுச் சாப்பிட உக்காந்தாக.

செவ்வாக்கிழமை நானும் அவியளும் மதுரைக்குப் போறோம். ரத்த டெஸ்டும் அன்னைக்கே எடுத்துருவாங்க. என்ன வருதோ பார்ப்போம். முதல்ல நானே என் வாயால வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அடுத்து உனக்குச் சொல்லுதேன்.

இனி நீ யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்க.

கிருபா